ஜூலை 10 அன்று விழுந்த தளம்: ஹோஸ்டிங்கை மாற்ற வேண்டுமா?

கோட்டை அகழி | வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கச் சுற்றி நடுகல், கல்வெட்டு, ஏரி மதகு, படிக்கிணறு என்று கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுத்து எழுதி வைக்கிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் கூகுளின் பிளாக்கரில் இலவசமாக ஓடியது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சொந்தமாக ஒரு டொமைன் (தள முகவரி) வாங்கி, பகிர்வு ஹோஸ்டிங் ஒன்றில் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம்) வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளை நிறுவி, எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனேன். இன்று 412 கட்டுரைகள், ஏறக்குறைய 6,000 படங்கள். மாதம் 40,000 பார்வைகள் வருகின்றன.

இந்த 10ஆம் தேதி காலை ஏழரை மணிக்கு, 1806ஆம் ஆண்டு இதே நாளில் நடந்த வேலூர்ப் புரட்சியைப் பற்றிய என் கட்டுரையை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அது குழுவிலிருந்து குழுவுக்குத் தாவியது. எட்டரை மணிக்குத் தளம் விழுந்தது. திறந்தால் 508 என்ற எண்ணும், வள வரம்பு தீர்ந்துவிட்டது என்ற ஒரு வரியும்தான். இறைவணக்கக் கூட்டத்தில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் தவித்தேன். ஆண்டு முழுவதும் எழுதுவது அந்த ஒரு நாளுக்காகத்தான் என்று கூடச் சொல்லலாம். அன்றைக்கே கதவு சாத்திக்கொண்டது.

ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், "உங்கள் தளம் வளர்ந்துவிட்டது, மேல் திட்டத்துக்கு மாறுங்கள்" என்கிறார்கள். அது ஆண்டுக்கு 14,000 ரூபாய். இருக்கும் திட்டத்தையே புதுப்பிக்கலாம் என்றால், மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 5,400 கொடுத்த இடத்தில் இப்போது ஓர் ஆண்டுக்கே 5,900, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆகமொத்தம் 6,962. அடுத்த மாதம் 20ஆம் தேதி கெடு. எங்கே போகலாம், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

விடுதி அறை | வெள்ளி, இரவு 10.31

சார், பகிர்வு ஹோஸ்டிங்கை விட்டுவிட்டு விபிஎஸ் (உங்களுக்கென்று தனியாக ஒதுக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் சர்வர் கிடைக்கும். 1 ஜிபி நினைவகம், முழுவதும் உங்கள் கட்டுப்பாடு. நான் விடுதியில் உட்கார்ந்தபடியே இரண்டு தளங்கள் ஓட்டுகிறேன். உபுண்டு, என்ஜின்எக்ஸ், மைஎஸ்கியூஎல் என்று சர்வருக்கு வேண்டிய மென்பொருளெல்லாம் ஒரே இரவில் நிறுவிவிடலாம். வேண்டுமானால் நானே செய்து தருகிறேன்.

முள்ளுக்கத்திரி | வெள்ளி, இரவு 10.50

தம்பி, நிறுவித் தருவாய், நல்லது. இறுதியாண்டு முடிந்து வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது?

என் சமையல் தளத்துக்கு இப்படித்தான் ஒரு நல்ல பிள்ளை விபிஎஸ் போட்டுக் கொடுத்தார். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. என் தங்கை கல்யாணத்தன்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது தளம் நின்றுவிட்டது. 1 ஜிபி நினைவகம் போதாமல் போனதும் சர்வரின் இயங்குதளமான லினக்ஸ், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தை நிறுத்திவிட்டதாம். அதைத் திரும்பத் தொடங்க ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் அந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, தெரிந்த பிள்ளை துபாய்க்கு விமானம் ஏறியிருந்தார். மூன்று நாள் தளம் கிடந்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த எட்டு மாதத்தில் ஒரு தடவை கூடப் போடப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

விபிஎஸ் என்பது தனி வீடு. குழாய் உடைந்தால் நாமேதான் பார்க்க வேண்டும்.

விடுதி அறை | வெள்ளி, இரவு 10.58

ஸ்வாப் (நினைவகம் நிரம்பினால் பயன்படுத்த வட்டில் விடும் இடம்) ஒதுக்கியிருந்தால் அப்படி நடந்திருக்காது, அக்கா.

முள்ளுக்கத்திரி | வெள்ளி, இரவு 11.02

சரிதான். ஸ்வாப் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும்.

காட்பாடி சந்திப்பு | சனி, காலை 6.40

எங்கே போவது என்பதற்கு முன், ஏன் விழுந்தது என்று பாருங்கள் சார். நோய் தெரியாமல் மருத்துவமனையை மாற்றி என்ன பயன்?

அன்று மொத்தம் எத்தனை பார்வை? கூட்டம் மிகுந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை?

கோட்டை அகழி | சனி, காலை 7.15

நாள் முழுவதும் 9,000. எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை 1,400. எனக்கு இது வரலாறு காணாத கூட்டம்.

காட்பாடி சந்திப்பு | சனி, காலை 7.50

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இது கூட்டமே இல்லை. மணிக்கு 1,400 என்றால் இரண்டரை வினாடிக்கு ஒருவர். ஒரு பக்கத்தைத் தயாரிக்க உங்கள் சர்வர் மூன்று வினாடி எடுத்துக்கொள்கிறது என்றே வைத்துக்கொள்வோம் (அதுவே மோசம்). அப்போதும் எந்த நொடியில் பார்த்தாலும் பக்கம் தயாரிக்கும் பிஎச்பி வேலைகள் ஒன்றோ இரண்டோதான் ஓடிக்கொண்டிருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் பொதுவாக ஒரே நேரத்தில் 20 வேலைகள் வரை விடுவார்கள். அதைத் தாண்டினால்தான் 508. உங்கள் வாசகர்கள் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதி 18 நாற்காலியில் இருப்பது யார்?

கட்டுப்பாட்டுப் பலகையில் அணுகல் பதிவேடு என்று ஒரு கோப்பு இருக்கும். அன்று காலை எட்டிலிருந்து ஒன்பது வரை உள்ள வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கோப்பை அதிகம் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

குடியாத்தத்துக் கைலி | சனி, காலை 9.20

கடைக்காரர்களுக்குத் தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பதிவேடெல்லாம் பிறகு. சார் தளத்தைத் திறந்து பார்த்தேன், புரட்சிக் கட்டுரை ஒன்றே 11 எம்பி! பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் 2,560 பிக்சல் அகலம். கைபேசியில் எடுத்ததை அப்படியே ஏற்றி, முழு அளவு என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 9,000 பேர், ஆளுக்கு 11 எம்பி, 99 ஜிபி. ஒரே நாளில்! தளம் படுக்காமல் என்ன செய்யும்?

காட்பாடி சந்திப்பு | சனி, காலை 9.45

கைலி அண்ணா சொல்வது உண்மை, ஆனால் 508க்கு அது காரணம் இல்லை. படங்கள் தயாராக இருக்கும் கோப்புகள். அவற்றை எடுத்துக் கொடுக்க பிஎச்பி ஓட வேண்டியதில்லை, அந்த 20 என்ற கணக்கில் அவை பெரும்பாலும் சேராது. படங்களால் அடி வாங்குபவர் வாசகர். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓட்டுபவரிடம் ஒரு கட்டுரைக்கு 11 எம்பி கேட்பது அநியாயம்.

குடியாத்தத்துக் கைலி | சனி, காலை 9.52

நியாயம்தான். பின்வாங்குகிறேன். ஆனால் படத்தைச் சுருக்கத்தான் வேண்டும்.

கோட்டை அகழி | சனி, இரவு 8.30

பதிவேட்டைப் பார்த்தேன். மதியம் முழுவதும் அதிலேயே போனது. பழைய நிலவரிக் கணக்கைப் படிப்பது போல இருந்தது, எனவே பிடித்தும் இருந்தது.

எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ஏறக்குறைய 31,000 வரிகள். கட்டுரைப் பக்கங்கள் 1,400. படங்கள் 16,800. மீதியில் 9,600 வரிகள் இரண்டே கோப்புகளைக் கேட்கின்றன: ஒன்று வேர்ட்பிரஸின் உள்நுழைவுப் பக்கம், மற்றொன்று எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற ஒன்று. எல்லாம் நான் கேள்வியே படாத நாட்டு முகவரிகளிலிருந்து. எஞ்சிய 3,200ல் ஏறக்குறைய பாதி, நான் ஆசைப்பட்டுப் போட்ட வருகை எண்ணிக்கைச் செருகுநிரலின் அழைப்புகள்.

அதாவது என் தளத்தை முற்றுகையிட்டது வாசகர்கள் அல்லர். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் தானியங்கி நிரல்கள்!

காட்பாடி சந்திப்பு | சனி, இரவு 8.55

அதேதான். மணிக்கு 9,600 என்றால் வினாடிக்கு இரண்டரைக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் வேர்ட்பிரஸ் முழுவதும் விழித்தெழ வேண்டும். மூன்று நான்கு வினாடி ஆனால் எப்போதும் எட்டு, பத்து நாற்காலி அவர்களுக்கே. வருகை எண்ணிக்கைச் செருகுநிரல் ஒவ்வொரு பார்வைக்கும் தரவுத்தளத்தில் எழுதுகிறது. எழுதும்போது மற்றவை காத்திருக்கும், காத்திருப்பவையும் நாற்காலியை விடுவதில்லை. கொஞ்சம் கூட்டம் கூடியதும் 20 நிரம்பிவிட்டது. 14,000 ரூபாய்த் திட்டத்துக்குப் போயிருந்தால் கூடுதல் நாற்காலிகளிலும் அவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

இன்றே செய்ய வேண்டியவை: எக்ஸ்எம்எல்-ஆர்பிசியை மூடுங்கள், அது வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸுக்குள் வரும் பக்கவாசல். கைபேசிச் செயலியிலிருந்து எழுதும் பழக்கம் இல்லையென்றால் அது உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. உள்நுழைவுக்கு முயற்சி வரம்பு போடுங்கள். எண்ணிக்கைச் செருகுநிரலைக் கழற்றுங்கள். அப்புறம் கேச். இப்போது வாசகர் ஒவ்வொருவருக்கும் பக்கம் புதிதாகத் தயாராகிறது. பந்திக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உலை வைப்பது போல. ஒரு முறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்து அடுத்தவருக்கும் அதையே கொடுத்தால் பிஎச்பிக்கு வேலையே இல்லை. உங்கள் கட்டுரை எட்டு மணிக்கு ஒன்றும் எட்டரைக்கு ஒன்றுமாக மாறுவதில்லையே.

இதையெல்லாம் செய்தால் இருக்கும் இடத்திலேயே 10 மடங்கு கூட்டத்தைத் தாங்கலாம்.

கோட்டை அகழி | சனி, இரவு 9.10

அப்படியானால் மாற வேண்டாமா?

காட்பாடி சந்திப்பு | சனி, இரவு 9.18

வேகத்துக்காக மாற வேண்டாம். விலைக்காக மாறலாம். காரணத்தைக் கேட்டால் பதிவேட்டைக்கூடப் பார்க்காமல் மேல் திட்டத்தை விற்கப் பார்த்தார்களே, அதற்காகவும் மாறலாம்.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு, காலை 6.05

விலை என்று வந்துவிட்டதால் நான் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது சேரும் விலை. நாம் காலமெல்லாம் கட்டப்போவது புதுப்பிக்கும் விலை. அது பெரும்பாலும் பணம் கட்டும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஜிஎஸ்டி அதற்கும் கீழே. நான் இப்போது எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் ஐந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தாளில் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிடுகிறேன். முதல் ஆண்டில் மலிவாகத் தெரிந்தது ஐந்தாண்டுக் கணக்கில் விலை கூடியதாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "வரம்பற்றது" என்ற சொல்லைக் கண்டால் விதிமுறைப் பக்கத்துக்குப் போய்க் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று தேடுங்கள். இடம் வரம்பற்றது, கோப்பு எண்ணிக்கை மட்டும் வரம்புக்கு உட்பட்டது என்பார்கள்! நீங்கள் ஒரு படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைச் சின்னதும் பெரியதுமாக ஏழெட்டுக் கோப்புகளாக்கி வைக்கும்.

அடுத்தது டொமைன். இதைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே இடத்தில் வாங்காதீர்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். என் பழைய டொமைன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் தானாகப் புதுப்பிக்கும்படி இருந்தது. 2021 அக்டோபரில், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு அவர்களால் என் அட்டையில் பணம் எடுக்க முடியவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நான் திறப்பதே இல்லாத ஒரு பழைய முகவரிக்குப் போயின. நான் கவனித்தபோது கெடுவும் சலுகைக் காலமும் கடந்து, வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டார்கள். ஆறு ஆண்டு வத்தக்குழம்பும் கொத்சும் எழுதிய முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. உறவுக்காரர்கள் போன் செய்து, "என்னம்மா, சீட்டு விளையாட்டு எல்லாம் போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார்கள்.

பாலாறு | ஞாயிறு, காலை 7.30

அம்மா சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. நான் கணினி ஆள் இல்லை, ஓய்வு பெற்ற தபால்காரன். வாத்தியார் தளத்தைத் தவறாமல் படிக்கிறவன்.

தம்பி, உங்கள் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று விடியற்காலையில் கோட்டை சிப்பாய்கள் கைக்குப் போனது. உள்ளே இருந்த வெள்ளையர் படையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆற்காட்டில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தபிறகுதான் நிலைமை தலைகீழானது. நான் வெள்ளைக்காரன் பக்கம் பேசவில்லை. அன்று செத்த நம் ஆட்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். அவர்களுடைய காப்புப்படை கோட்டைக்கு உள்ளே இருக்கவில்லை, 16 மைல் தள்ளி ஆற்காட்டில் இருந்தது. அதனால்தான் பிழைத்தார்கள்.

உங்கள் படங்களின் நகல் எங்கே இருக்கிறது? கோட்டைக்குள்ளா, ஆற்காட்டிலா?

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 8.10

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். கோட்டைக்குள்தான் இருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனமே வாரம் ஒரு முறை நகல் எடுக்கிறது, அதே கணக்கில்.

காட்பாடி சந்திப்பு | ஞாயிறு, காலை 8.40

பாலாறு ஐயா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு பெரிய தரவு மையமே எரிந்தது. தளத்தையும் நகலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். அங்கேயும் 10ஆம் தேதிதான், பாருங்கள்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம் சார். 6,000 படம் என்றீர்கள். கைபேசிப் படம் சராசரி 4 எம்பி என்றாலும் மூலப் படங்கள் மட்டுமே 24 ஜிபி வர வேண்டும், குறுக்கிய அளவுகள் தனி. உங்கள் கணக்கில் மொத்தம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். கோப்புகள் எத்தனை?

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 9.05

19 ஜிபி. கோப்புகள் 34,000.

காட்பாடி சந்திப்பு | ஞாயிறு, காலை 9.12

6,000 படத்துக்கு எட்டெட்டாகப் போட்டால் 48,000 கோப்புகள் இருக்க வேண்டும். இடமும் குறைகிறது, எண்ணிக்கையும் குறைகிறது. பிளாக்கரிலிருந்து மாறியபோது படங்களையும் இறக்கினீர்களா, எழுத்தை மட்டும் கொண்டுவந்தீர்களா? ஒரு பழைய கட்டுரையைத் திறந்து, படத்தின் முகவரி எதில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 9.40

கூகுள் முகவரி. 2,300 படங்கள் இன்னும் பிளாக்கரிலிருந்துதான் வருகின்றன. மூன்று ஆண்டாக எனக்குத் தெரியவே தெரியாது. பழைய பிளாக்கர் பக்கத்தை வீணாக எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று போன மாதம்தான் அழிக்கப் பார்த்தேன். கடவுச்சொல் மறந்துபோனதால் விட்டுவிட்டேன்.

இரண்டு நடுகற்களை ஏரிக்கரை வேலை நடந்தபோது பெயர்த்துவிட்டார்கள். உலகத்தில் அவற்றுக்கு என் படம் மட்டும்தான் இருக்கிறது. கை நடுங்குகிறது.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு, காலை 9.48

முதலில் அந்தக் கடவுச்சொல்லை மீட்டெடுங்கள் சார். இரண்டு ஆண்டு யாரும் உள்நுழையாத கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. இன்றே செய்யுங்கள். ஹோஸ்டிங் எங்கேயும் ஓடிப்போகாது.

விடுதி அறை | ஞாயிறு, பகல் 12.20

படங்களை வேர்ட்பிரஸுக்குள் இழுக்கும் செருகுநிரல்கள் இருக்கின்றன, அதற்கு நான் உதவுகிறேன். இந்த வேலைக்குப் பிறகு என் துணை தேவைப்படாது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன் அக்கா!

இன்னொரு யோசனை. வேர்ட்பிரஸே எதற்கு? ஹ்யூகோ போன்ற ஒரு நிரலில் எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கிவிட்டால் பிஎச்பியும் இல்லை, தரவுத்தளமும் இல்லை, ஊகிக்கக் கடவுச்சொல்லும் இல்லை. கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் அவற்றை இலவசமாக வைக்கலாம்.

காட்பாடி சந்திப்பு | ஞாயிறு, பகல் 12.45

யோசனை அழகு, கணக்கு இடிக்கிறது. கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. படங்களை 1,600 பிக்சலுக்குக் குறைத்து குறைந்த இடம் பிடிக்கும் வெப்பி வடிவில் மாற்றி ஒன்று 200 கேபி ஆனாலும் 6,000 படம் 1.2 ஜிபி. மாதத்துக்கு 100 ஜிபி என்ற வரம்பும் உண்டு. படங்களை வேறிடத்தில் வைக்கலாம், ஆனால் அப்புறம் இரண்டு கணக்கு, இரண்டு கவலை. தவிர, சார் பள்ளி விட்டு வந்து சுற்றுலா மாளிகைத் திண்ணையில் உட்கார்ந்தும் கட்டுரை ஏற்றுகிறவர். கட்டளை வரி அவருக்கு ஒத்துவருமா என்று அவரே சொல்லட்டும்.

கோட்டை அகழி | ஞாயிறு, பகல் 1.10

ஒத்துவராது.

குடியாத்தத்துக் கைலி | ஞாயிறு, மாலை 5.30

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. சார் தளம் அமெரிக்காவில் ஓடுகிறது, பார்த்தேன். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேட்க வேகம்தான். ஆனால் வேலூரிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்பக் கால் வினாடி வரை ஆகும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டும். மும்பையிலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருந்தால் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியாது. சேரும்போது ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், பலரும் கவனிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறோம்.

கோட்டை அகழி | ஞாயிறு, மாலை 6.00

வாசகரில் மூன்றில் ஒரு பங்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்களே, அவர்களுக்கு?

குடியாத்தத்துக் கைலி | ஞாயிறு, மாலை 6.12

இந்தியாவிலிருந்து அவர்களுக்கும் பெரிய தூரம் இல்லை சார், அமெரிக்காவை விடப் பக்கம். முன்னால் ஒரு சிடிஎன் (கோப்புகளின் நகலைப் பல ஊர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) போட்டால் படங்கள் அவரவர் பக்கத்து ஊரிலிருந்தே போகும். கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் நிறுவனத்தின் இலவசத் திட்டமே உங்களுக்குப் போதும். அந்தத் தானியங்கிக் கூட்டத்தையும் வாசலிலேயே நிறுத்தலாம்.

போகிற போக்கில் ஒன்று. கேட்பாரற்றுக் கிடக்கும் சிற்பங்களின் படத்தை ஏற்றும்போது கைபேசி பதிந்து வைக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். மூலப் படத்தில் அது அப்படியே இருக்கும். திருடனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாது.

பாலாறு | ஞாயிறு, இரவு 7.40

இன்னொரு குறை. வாத்தியார் அனுப்பும் இணைப்பு வாட்ஸ்அப்பில் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வருகிறது. பேரன், "தாத்தா, இது வைரஸ், தொடாதே" என்கிறான்.

காட்பாடி சந்திப்பு | ஞாயிறு, இரவு 8.15

ஐயா, அது தமிழில் எழுதும் எல்லோருக்கும் உள்ள தொல்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் இணையத்தில் வழங்கும் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். இணைப்பில் போகும்போது ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸோ கட்டுரையின் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் ஒதுக்குகிறது. ஆக, 22 குறிகளுக்கு மேல் இடமில்லை. அதிலும் "கோ" என்பதே இரண்டு குறி. "வேலூர்க் கோட்டையின் மதில்களும் அகழியும்" என்று தலைப்பு வைத்தால் இணைப்பு "வேலூர்க்-கோட்டையின்-மதில" என்று நிற்கும். லகரத்தின் புள்ளி கூடக் கிடைக்காது.

புதிய கட்டுரைகளுக்குச் சின்னதாக எண்ணோ ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரோ வையுங்கள் சார். பழையவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 வழிமாற்று போட்டாக வேண்டும். இல்லையென்றால் மூன்று ஆண்டாக ஊரெல்லாம் சுற்றும் இணைப்புகள் உடைந்துபோகும்.

கோட்டை அகழி | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கூகுள் கணக்கு கிடைத்துவிட்டது. விடுதி அறைத் தம்பி உதவியோடு 2,300 படங்களும் வந்து சேர்ந்தன. ஏழு படங்கள் மட்டும் எங்கேயும் இல்லை. எவை என்று குறித்து வைத்திருக்கிறேன், அந்த இடங்களுக்கு மறுபடி போக வேண்டும்.

கேச் போட்டு, கதவுகளை மூடி, இருந்த இடத்திலேயே இரண்டு வாரம் ஓட்டினேன். சுதந்திர தினத்துக்கு முந்தைய கட்டுரைக்கு ஒரு மணி நேரத்தில் 2,100 பேர் வந்தார்கள். தளம் அசையவில்லை. இருந்தாலும் மாறிவிட்டேன். பகிர்வு ஹோஸ்டிங்தான், மும்பை சர்வர். சேரும் விலையும் புதுப்பிக்கும் விலையும் ஒன்றே, ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக்கு 3,540. யுபிஐயில் கட்டலாம். சேருவதற்கு முன் இரவு பத்து மணிக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பார்த்தேன், பதிவேட்டை எங்கே பார்ப்பது என்று. இருபது நிமிடத்தில் படத்தோடு பதில் வந்தது. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் சேர்ந்தேன். டொமைனைத் தனி நிறுவனத்துக்கு மாற்றி, ஐந்து ஆண்டுக்குக் கட்டிவிட்டேன். பழைய இடத்தைக் கெடு முடியும் வரை மூடவில்லை. டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பெயர் சர்வர் மாறி முடிகிறவரை சிலர் பழைய வீட்டுக்கும் சிலர் புதிய வீட்டுக்குமாக இரண்டு நாள் வந்து போனார்கள்.

படங்களைச் சுருக்கியதில் புரட்சிக் கட்டுரை இப்போது 1.4 எம்பி.

காட்பாடி சந்திப்பு | சனி, இரவு 9.50

மகிழ்ச்சி சார். நகல்?

கோட்டை அகழி | சனி, இரவு 10.02

என் மாமியார் வீடு ஆற்காட்டில், டெல்லி கேட்டுக்குப் பக்கத்தில். மூலப் படங்கள் அத்தனையும், தரவுத்தளமும் ஒரு வன்தட்டில் ஏற்றி அங்கே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் புதியதைச் சேர்த்துவிட்டு வருவதாகத் திட்டம். மாமியார் வீட்டுக்கு நானாக வண்டியை எடுப்பதைப் பார்த்து என் மனைவிக்கு ஒரே சந்தேகம்.

காட்பாடி சந்திப்பு | சனி, இரவு 10.06

திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா? ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

கோட்டை அகழி | சனி, இரவு 10.15

போன வாரம் என் மடிக்கணினியிலேயே ஒரு வேர்ட்பிரஸ் நிறுவி ஏற்றிப் பார்த்தேன். 412 கட்டுரைகளும் எழுந்து நின்றன.

பாலாறு | ஞாயிறு, காலை 6.20

கில்லெஸ்பி ஆற்காட்டில் எங்கே தங்கியிருக்கிறார்?

கோட்டை அகழி | ஞாயிறு, காலை 7.00

காலி மக்கன் பேடா டப்பாவில், ஐயா. பீரோ மேல் தட்டில்.

முள்ளுக்கத்திரி | ஞாயிறு, காலை 7.12

அதன் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள் சார். பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அந்த வீட்டில் முதலில் திறக்கப்படுவது அந்த டப்பாதான்.